21 நாள் எழுதினால் எழுத்து வந்துவிடுமா?

"21 நாள் விடாமல் எழுதுங்கள், எழுத்து தானாகக் கைவரும், ஒருநாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்துதான், இது விஞ்ஞானம் நிரூபித்தது" என்று கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அந்த 21 எங்கிருந்து வந்தது? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். கைமாறிக் கைமாறி 'குறைந்தது' காணாமல் போய்விட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் பழகிப் பார்த்தது தண்ணீர் குடிப்பது, நடப்பது மாதிரியான சின்னப் பழக்கங்களைத்தான். அவை தானாக வருவதற்கே ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒருநாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது.

சரி, பழக்கம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், எழுத்து தேறுமா? "தண்ணீர் திறக்கப்பட்டதால் விவசாயிகள் மகிழ்ச்சி அடைந்தனர்" என்றே தினமும் எழுதினால் அதே வாக்கியம்தான் இன்னும் வேகமாக வரும். அதை அடித்துவிட்டு, "கல்லணைத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்த அன்று பெரியப்பா மண்வெட்டியோடு மடைக்கு ஓடினார்" என்று மாற்றிப் பார்க்கும்போதுதான், எதைப் பார்த்தோம், எதைச் சொல்லாமல் விட்டோம் என்பது நமக்கே தெரிகிறது. அடிக்கடி எழுதுவது நிச்சயம் உதவும், ஆனால் எழுதியதைத் திருத்தவும் வேண்டும், தயங்காமல் குறை சொல்லும் ஒருவரிடம் படிக்கக் கொடுக்கவும் வேண்டும்.

நடவு வேலையிலோ கோயில் திருவிழாவிலோ ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் எழுதுங்கள். எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.