ஃபிலிப்பாவை விட்டுவிட்டீர்களே
இடைக்கால இத்தாலிய இலக்கியத்தில் நீதி என்று தொடங்கிய கட்டுரை கவிஞர் தாந்தே தன் காவியத்தில் பாடிய நரகத்திலேயே நின்றுவிட்டது. பத்து நாளில் சொல்லப்படும் நூறு கதைகளின் தொகுப்பான பொக்காச்சியோவின் டெக்கமரானில், ஆறாம் நாள் ஏழாம் கதையான ஃபிலிப்பாவின் கதையையும் சொல்லியிருக்கலாம். கள்ளக்காதலனோடு பிடிபட்ட மனைவியை எரிக்கச் சொல்கிறது பிராட்டோ நகரச் சட்டம். அப்படிப் பிடிபட்ட ஃபிலிப்பா ஓடி ஒளியவில்லை. நீதிபதி முன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, இந்தச் சட்டத்தைப் போட்டபோது எந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்டீர்கள் என்கிறாள். அப்புறம், "என் கணவரையே கேளுங்கள், அவருக்கு எப்போதாவது மறுத்தேனா?" இல்லை என்கிறார் அவர். அப்படியானால் அவருக்குக் கொடுத்தது போக மிச்சத்தை நாய்க்கா போடுவது என்கிறாள். ஊரே சிரித்துச் சட்டத்தைத் திருத்துகிறது. ஆனால் காசுக்காகக் கணவனை ஏமாற்றுபவளுக்கு அதே நெருப்புதான்! அவளிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பொக்காச்சியோ இந்த முரணைத் தெரிந்தேதான் வைத்தார் என்று நினைக்கிறேன்.