செயற்கைக்கோள் படத்தில் கரைப் பாசி தெரியுமா?

மெக்சிகோவின் கரீபியக் கரையில் ஒதுங்கும் சர்காசம் கடற்பாசியைச் செயற்கைக்கோள்களே நாள்தோறும் காட்டிவிடுவதால், கான்குன் பகுதியில் ட்ரோன் பறக்கவிடுவது தேவையற்றது என்ற கருத்து பலராலும் பகிரப்படுகிறது. இதில் பாதி சரி. நடுக்கடலில் மிதக்கும் பாசியைச் செயற்கைக்கோள் நன்றாகவே காட்டுகிறது; 2018 ஜூனில் மேற்கு ஆப்பிரிக்கா முதல் மெக்சிகோ வளைகுடா வரை சுமார் 8,850 கிலோமீட்டர் நீண்டிருந்த பாசிப் பட்டை அப்படித்தான் அளக்கப்பட்டது.

மணலில் குவிந்து கிடக்கும் பாசியின் கணக்கு வேறு. தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் சர்காசம் வரைபடங்களுக்குப் பயன்படும், நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் தரவில் ஒரு படப்புள்ளி (பிக்சல்) ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் என்பதால், கரையோரப் புள்ளியில் நீரும் மணலும் மரங்களும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மேகம் மூடினால் அதுவும் கிடைக்காது. நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோன் படத்திலோ ஒரு புள்ளி சில சென்டிமீட்டர்தான். அன்று ஒதுங்கிய பழுப்புப் பாசியும் காய்ந்து கறுத்த பழைய குவியலும் தனித்தனியே தெரியும். (செலவு கட்டுப்படியாகுமா என்பது தனி விவாதம்.)

சரிபார்க்க விரும்புவோர் ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கோப்பர்நிக்கஸ் உலாவி (Copernicus Browser) என்ற இணையதளத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோளின் படத்தை இலவசமாகத் திறந்து, கான்குனுக்குத் தெற்கே உள்ள பிளாயா டெல் கார்மென் கடற்கரையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அதன் மிக நுண்ணிய புள்ளியே 10 மீட்டர் என்பதால், ஐந்து மீட்டர் அகலப் பாசிவரி அரைப் புள்ளிக்குள் அடங்கிவிடும். படத்தின் தேதியையும் பாருங்கள். அதே இடத்தின் அடுத்த படத்துக்குப் பெரும்பாலும் சில நாள்கள் காத்திருக்க வேண்டியிருக்கும்.