தொட்டால் என்ன தேய்ந்தா போகும் என்று கேட்கிற புண்ணியவான்களுக்கு

பழங்காலப் பாறை ஓவியங்கள் இருக்கிற டெக்சாஸ் செமினோல் கேன்யன் பூங்காவுக்குக் கூடாரம் போட வருகிற மகாஜனங்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன், எதற்காக வருகிறீர்கள்? சத்தியமாகப் புரியவில்லை. சான் ஆன்டோனியோவிலிருந்தே மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும், டெல் ரியோ தாண்டினால் கடை கண்ணி என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது, காம்ஸ்டாக் என்று ஒரு ஊர் வரும், வந்ததே தெரியாமல் போய்விடும், கோடையென்றால் வெயில் 100 ஃபாரன்ஹீட்டை அசால்ட்டாகத் தாண்டும், அந்த மேட்டில் ஒதுங்க நல்லதாக ஒரு மரம் கிடையாது, சுண்ணாம்புப் பாறை மேல் பேருக்குக் கொஞ்சம் மண், முளை அடித்தால் இறங்காது. இவ்வளவு கஷ்டப்பட்டு வந்து சேர்ந்து, டிக்கியைத் திறந்ததும் முதலில் வெளியே எடுப்பது என்ன? ப்ளூடூத் ஸ்பீக்கர்!

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை சத்தம் கூடாது என்பது டெக்சாஸ் மாநிலப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான விதி. பத்தரைக்கும் பக்கத்துக் கூடாரத்தில் குத்துப்பாட்டு ஓடுகிறது. ஆமாம், நம்ம ஆட்கள்தான். போய்ச் சொன்னால், "சாரி ப்ரோ, இந்த ஒரு பாட்டு மட்டும்" என்கிறார்கள், அந்த ஒரு பாட்டு முடியவே மாட்டேன் என்கிறது. இந்தப் பக்கம் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று, வண்டியைச் சுற்றிக் கல்யாண வீடு மாதிரி சீரியல் பல்பு கட்டி விடிய விடிய எரிய விட்டார்கள். பால்வீதி வெறும் கண்ணுக்குத் தெரிகிற இருட்டைத் தேடி வந்து, அதற்கு விளக்குப் போடுகிறார்கள்.

சரி, ராத்திரி போனது போகட்டும், தூக்கம்தானே, வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொள்ளலாம். என் வயிற்றெரிச்சல் அடுத்த நாள் காலையில்தான் ஆரம்பித்தது.

இங்கே பள்ளத்தாக்குக்குள் நம் இஷ்டத்துக்கு இறங்க முடியாது, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று நானே முன்னால் சலித்துக்கொண்டதுண்டு, இப்போது இன்னும் இரண்டு வழிகாட்டிகளை வைத்தால் தேவலை என்று தோன்றுகிறது. செங்குத்தான படிகளில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறினால் ஃபேட் பெல் என்கிற பெரிய பாறைக் குடைவு. சுவர் நெடுக ஓவியங்கள், சுமார் 4,000 வருடப் பழசு. ஆளுயரத்துக்குக் கை விரித்து நிற்கும் உருவங்கள், கையில் ஈட்டி எறியும் கோல், சிலதுக்குத் தலையில் மான்கொம்பு. சிவப்பு இரும்புத் தாதிலிருந்து, கருப்பு மாங்கனீசிலிருந்து. ஏதோ வேட்டைக்குப் போன ஆள் பொழுதுபோகாமல் கிறுக்கியது என்று நினைக்காதீர்கள். இந்த வட்டாரத்து ஓவியங்களை நுண்ணோக்கி வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், முதலில் கருப்பு, அப்புறம் சிவப்பு, அப்புறம் மஞ்சள், கடைசியில் வெள்ளை என்று வரிசை மாறாமல் பூசியிருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அதாவது வரைந்தவன் மொத்தப் படத்தையும் மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் முதல் கோடே போட்டிருக்கிறான்.

அதற்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு மனிதர், வழிகாட்டி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஓவியத்தின் மேல் விசிறி அடித்தார். கலர் கொஞ்சம் டல்லாக இருக்கிறதாம், நனைத்தால் போட்டோவில் பளிச்சென்று வருமாம்! சிவப்புக் கோடு நனைந்து கருஞ்சிவப்பாகி, ஒரு சொட்டு கீழே வழிந்தது, அவர் செல்போனை நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வழிகாட்டி போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பினோம். மனிதர் அசரவே இல்லை, தண்ணீர்தானே, காய்ந்துவிடும் என்கிறார்.

காயும்தான். காயும்போது பாறைக்குள் இருக்கிற உப்பை வெளியே இழுத்து வந்து வெள்ளைப் படலமாகப் படிய வைத்துவிட்டுக் காயும். அடுத்து வருகிறவனுக்கு அது இன்னும் டல்லாகத் தெரியும், அவனும் பாட்டிலைத் திறப்பான். அந்தக் காலத்தில் போட்டோ எடுப்பதற்காகத் தண்ணீர், மண்ணெண்ணெய் என்று அடித்துப் பாறை ஓவியங்களைப் பாழாக்கிய கதை உலகம் முழுக்க இருக்கிறது. இப்போது போனிலேயே நிறத்தைக் கூட்டிக்கொள்ள ஆப் வந்த பிறகும் ஏனய்யா இந்த வேலை?

திரும்பி ஏறும்போது எங்கள் கூட வந்த ஒருவர் ஆரம்பித்தார், "ஒரே ஒரு தடவை தொட்டா என்னங்க ஆயிடப் போகுது, ஓவரா பண்றாங்க." படித்தவர், பெரிய வேலையில் இருப்பவர், ஊரில் மலைப்பாறையில் ஹார்ட்டு போட்டு அம்பு விடுகிற பையன்களை வாய் கிழியத் திட்டுகிறவர். உங்கள் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது சார், மேலே சன்ஸ்கிரீன் வேறு. ஓவியத்தின் வயதைக் கண்டுபிடிப்பதே அந்தச் சாயத்தில் கலந்திருக்கிற துளியூண்டு கரிமப் பொருளை வைத்துத்தான், அதில் உங்கள் பிசுக்கு கலந்தால் கணக்கே கெட்டுப்போகும். நீங்கள் ஒரு தடவை, உங்கள் பையன் ஒரு தடவை, அடுத்த பஸ்ஸில் வருகிற ஐம்பது பேரும் ஆளுக்கு ஒரு தடவை.

குடைவுக்குள் ஒதுங்கிய ஆடுகள் உரசியும் தப்பித்த ஓவியங்கள் இவை. பக்கத்து அமிஸ்டாட் அணை 1969இல் கட்டி முடிந்து இந்த வட்டாரத்துக் குடைவுகள் சிலவற்றைத் தண்ணீர் முழுங்கியபோதும் மிஞ்சியவை. ஃபாரஸ்ட் கிர்க்லாண்ட் என்கிற ஓவியர் 1930களில் இந்தப் பக்கத்து ஓவியங்களைப் பொறுமையாக வாட்டர்கலரில் பிரதி எடுத்து வைத்தார், அவற்றோடு இன்றைய சுவர்களை ஒப்பிட்டால் எவ்வளவு போய்விட்டது என்பது தெரியும். 2021இல் இந்தப் பகுதியைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். அதே 2021 டிசம்பரில், இதே டெக்சாஸில் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில், ஆயிரக்கணக்கான வருடப் பழைய பாறைச் செதுக்கல் மேல் யாரோ நாலு பேர் தங்கள் பெயரைத் தேதியோடு கீறிவிட்டுப் போனார்கள். தேதியோடு! அந்தப் பெயரைத் துடைக்கவும் நாம் போகக் கூடாதாம், தெரியாதவன் துடைத்தால் சேதம் இன்னும் அதிகமாகுமாம்.

பாட்டு வேண்டும், வெளிச்சம் வேண்டும், கைக்கு ஏதாவது தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் டெல் ரியோவில் ஓட்டல் ரூம் கிடைக்கும், ஏசி உண்டு. அங்கேயே தங்குங்கள், அந்தக் கூடார இடம் வேறு யாருக்காவது கிடைக்கட்டும். வார இறுதி என்றால் முன்பதிவு செய்ய எவ்வளவு அல்லாட வேண்டியிருக்கிறது தெரியுமா!