முடிவை அடமானம் வைத்த படம்

'தி கோல்டன் காம்பஸ்' படத்தை நேற்றிரவு மகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கவே கூடாது. 2007இல் வந்த படம். கவசம் பூண்ட பனிக்கரடி, விலங்கு உருவில் மனிதர் கூடவே திரியும் ஆன்மா, உண்மை சொல்லும் பொற்கருவி... குழந்தை வாய் பிளந்து பார்த்தாள். தட்டில் தோசை ஆறிப்போனது. கடைசியில் கதாநாயகியான சிறுமி லைரா வடக்கே தந்தையைத் தேடி வானில் பறக்கிறாள். அத்தோடு படம் முடிந்துவிட்டது.

"ரெண்டாவது பாகத்தைப் போடுங்கப்பா."

அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எப்படிச் சொல்வது?

பிலிப் புல்மன் எழுதிய நாவலின் முடிவு இந்தப் படத்தில் கிடையாது. அதைப் படம்பிடித்தும்விட்டார்கள். பிறகு, அடுத்த பாகத்துக்கு ஆகட்டும் என்று வெட்டி எடுத்துவிட்டார்கள்! அமெரிக்காவில் வசூல் படுத்தது. அடுத்த பாகமும் நின்றுபோனது. காட்சி வித்தைகளுக்கு ஆஸ்கர் கிடைத்தும் பயனில்லை. படம் ஓடினால்தான் மிச்சக் கதை என்பது என்ன நியாயம்? டிக்கெட் வாங்கி உட்கார்ந்த குழந்தைக்கு ஒரு கதையை முழுதாகத் தர வேண்டாமா? பத்துப் பாகம்கூட எடுங்கள். முதல் படத்தின் முடிவை அதற்காக அடமானம் வைக்காதீர்கள்.

2019இல் தொலைக்காட்சித் தொடராக முதலிலிருந்து எடுக்கத் தொடங்கி, மூன்று பருவங்களில் கதையை முடித்தார்கள். அதைப் போட்டேன். வேறு லைரா, வேறு கரடி.

"எனக்கு அந்தக் கரடிதான் வேணும்" என்று தலையணையில் முகம் புதைத்துக்கொண்டாள்.