மண்டை உடையாமலும் சாவு வரும்
பைக் விபத்துகளையும் ஹெல்மெட்டையும் பற்றி இங்கே வந்த கட்டுரை, 'விபத்தில் இறந்தவர்களுக்கு மண்டை ஓடு உடைந்திருந்தது' என்பதோடு நின்றுவிடுகிறது. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல், மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே ரத்தம் கட்டியே எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். என் சின்ன மாமியார் பள்ளிகொண்டா பக்கம் பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தவர், வேகத்தடையில் தூக்கிப்போட்டு மல்லாக்க விழுந்தார். பின்மண்டையில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, சோடா வாங்கிக் குடித்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம்" என்று அவரேதான் சொன்னார். ராத்திரி வாந்தி. பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்கள் (நம்ம ஊரில் எல்லாவற்றுக்கும் பித்தம்தான்). அப்புறம் பேச்சு குழறி, விடிவதற்குள் நினைவு தப்பிவிட்டது. பிழைக்கவில்லை. அடிபட்டது பின்னால், ஸ்கேனில் மூளை கன்றிப்போயிருந்ததோ முன்பக்கம். தரையில் மோதித் தலை சட்டென்று நிற்கும்போது மூளையின் எதிர்ப்பக்கம் அடிபடுவது உண்டு என்று டாக்டர் விளக்கினார். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'டவுனுக்குள் மெதுவாகப் போகிறவனுக்கு எதற்கு ஹெல்மெட்' என்று கேட்டிருக்கிறார். ஐயா, வேகத்தடைக்காக அந்த வண்டியும் மெதுவாகத்தான் போனது. மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவு பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்துத்தான் ஹெல்மெட் கேட்கிறது. காட்பாடி ரோட்டில் நின்று பாருங்கள், ஓட்டுகிறவர் தலையில் வார் மாட்டாத ஒன்று, பின்னால் குழந்தையோடு இருக்கும் அம்மாவுக்கு முந்தானை மட்டும். தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கான தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, ஒரு வரம்பு வரை அரசே பணம் கட்டுகிறது.