என் லேப்டாப்ல ஓடுதே!

மூணு நாளா இதே பாடுதான். எங்க ஆய்வகத்துல பைதான் மொழியில எழுதின மென்பொருள் தொகுப்பை 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' இதழுக்கு அனுப்பணும். அங்க மதிப்பாய்வாளர் கட்டுரையைப் படிக்கறதோட விடமாட்டார். மென்பொருளை நிறுவி ஓட்டியும் பாப்பார். அது நியாயம், எனக்கு மறுப்பே இல்ல.

ஆனா என் லேப்டாப்ல எல்லா சோதனையும் பச்சை. புதுச் சூழல்ல நிறுவினா, நம்பைங்கற பைதான் கணக்கு நூலகத்தோட 2-ஆம் பதிப்பு வந்து உக்காருது, முதல் ஓட்டத்துலயே சிவப்பு. நாங்க நிரல்ல பயன்படுத்தின ஒரு பழைய பெயரை அந்தப் பதிப்புல, 2024-லயே, எடுத்துட்டாங்க. அதைச் சரி பண்ணா, தரவுக் கோப்பைக் காணோம். தேடிப் பாத்தா, யாரோ ஒருத்தர் டெஸ்க்டாப் பாதையை நிரலுக்குள்ளயே எழுதி வெச்சிருக்கார்: 'ஃபைனல்', அதுக்குள்ள 'ஃபைனல்2'. வயிறு எரியுது!

உரிமம் அதைவிடக் கொடுமை. எங்கிருந்தோ எடுத்து ஒட்டின 200 வரி. யார் எழுதினது, என்ன உரிமம், ஒரு குறிப்பும் இல்ல. அடுத்தவர் உழைப்பை, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்னு விடற எம்ஐடி உரிமத்துல நான் எப்படி வெளியிடறது? உக்காந்து முழுசா திருப்பி எழுதினேன், ரெண்டு ராத்திரி.

இவ்வளவு செஞ்சும் எல்லாரும் கேக்கறது, "பேப்பர் எப்போ?" இந்த வேலையை யாரும் வேலைன்னே எண்ணறதில்ல. நாளைக்கு விண்டோஸ்ல நிறுவிப் பாக்கணும்.