எலாஸ்டிக் போனால் எல்லாம் போச்சா?

போன வாரம் ஒரு பிராவைக் குப்பையில் போட்டேன். துணி கிழியவில்லை, கொக்கி உடையவில்லை, நிறம்கூட மங்கவில்லை. எலாஸ்டிக் மட்டும் தொளதொளத்துவிட்டது. இனி அதை யாருக்கும் கொடுக்கவும் முடியாது. நைலான், ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் செயற்கை இழை, ஃபோம், கம்பி எல்லாம் சேர்த்துத் தைத்திருப்பதால் மறுசுழற்சியும் லேசில்லை.

அந்த எரிச்சலில் பழைய காலத்து உள்ளாடைகளைப் பற்றித் தேடினேன். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் உள்ளே அணிந்த ஷிஃப்ட் என்ற நீள உள்ளங்கியின் வெட்டைப் பார்த்து அசந்துபோனேன். லினனை வெறும் செவ்வகம், முக்கோணம், சதுரமாக வெட்டுகிறார்கள். மேல்பக்கம் சரிவாக வெட்டி எடுத்த முக்கோணத்தையே கீழே பக்கவாட்டில் இணைத்துவிட்டால் விரிவு கிடைத்துவிடும். கழிவு என்று அநேகமாக எதுவும் இல்லை. அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துண்டு. கையைத் தூக்கினால் இழுவிசையை அது தாங்கும், நைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ரொம்பப் பழசானால் குழந்தைக்குத் துணி, காயத்துக்குக் கட்டு, கடைசியில் கந்தல்காரர் வழியாகக் காகிதம். மரக்கூழ் வரும்வரை அங்கே காகிதம் செய்ததே கந்தலில்தானே! யாரோ உடுத்திக் கழித்த ஷிஃப்டில் யாரோ காதல் கடிதம் எழுதியிருப்பார்கள்.

அதற்காக அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஷிஃப்டுக்கு மேல் உடம்பை இறுக்கிக் கட்டிய கார்செட்டுக்கு விறைப்புக் கொடுத்தது பெரும்பாலும் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த தகடு. 'திமிங்கில எலும்பு' என்பார்கள், ஆனால் எலும்பல்ல. அது இரையை வடிகட்டும் பலீன். எண்ணெய்க்கும் இதற்குமாக வடக்குக் கடல்களின் திமிங்கிலங்களைக் கொன்று குவித்தார்கள். 'இயற்கைப் பொருள்' என்று எந்த விளம்பரம் வந்தாலும் எனக்கு இந்தத் தகடுதான் ஞாபகம் வருகிறது.

சரி, கார்செட் வேண்டாம். அதன் நாடா வேண்டும். உடம்பு பெருத்தால் தளர்த்தலாம், இளைத்தால் இழுத்துக் கட்டலாம். 1914இல் அமெரிக்காவின் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் காப்புரிமை வாங்கிய பிராவும் இரண்டு கைக்குட்டை, கொஞ்சம் ரிப்பன் என்று தொடங்கியதுதான். கட்டிக்கொள்வதால் வேறுவேறு உடம்புக்கும் பொருந்தும். ஸ்பான்டெக்ஸ் வந்தது 1958இல். அப்புறம் உடம்புக்கு ஏற்ற மாதிரி முடிச்சுப் போடும் வேலையை எலாஸ்டிக்கிடம் விட்டுவிட்டோம். அது வியர்வையிலும் வெந்நீரிலும் மெல்லச் சாகிற பொருள். சீக்கிரம் சாகிற பாகத்தைக் கழற்ற முடியாதபடி தைப்பதை என்ன புத்திசாலித்தனம் என்று சொல்வது?

நேற்று அந்த பிராவைக் குப்பையிலிருந்து திரும்ப எடுத்தேன். எலாஸ்டிக்கை மட்டும் மாற்றிப் பார்க்கலாமே என்று பிளேடை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வரிசை ஜிக்ஜாக் தையல். ஒரு மணி நேரமாகியும் ஒரு பக்கம்கூட முடியவில்லை.